வாசிக்கச் சொல்லித்தர எந்த இணையதளத்தை நம்புவது?

கேள்வி: மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்குத் தமிழும் ஆங்கிலமும் சொல்லித்தருகிறேன். பாதிப் பேர் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். சிலருக்கு அதுவும் வரவில்லை. வாட்ஸ்ஆப் குழுக்களில் வந்த பிடிஎஃப்களும் லிங்க்குகளும் போனில் நிரம்பிக் கிடக்கின்றன. எதைத் திறப்பது என்றே தெரியவில்லை. பல்லாயிரம் ஒர்க்ஷீட்கள் கொண்ட தொகுப்பு என்று ஒரு விளம்பரம் அடிக்கடி வருகிறது. வாசிப்புப் பயிற்றுநர் சான்றிதழ் தருகிறோம் என்று இன்னொன்று. பணம் கட்டலாமா? எந்தத் தளங்களை நம்பலாம்? - ஓர் ஆசிரியை

பதில்: பணம் கட்டாதீர்கள் டீச்சர். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

ஒர்க்ஷீட் தொகுப்பு விற்பவர்களில் பெரும்பாலோர் அதைத் தயாரித்தவர்கள் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடப்பதை அள்ளி, அடியில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டு, ஒரே ஃபோல்டரில் போட்டு விற்கிறார்கள். பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இதில் இருக்கிறது. அமெரிக்காவில் புளோரிடா வாசிப்பு ஆய்வு மையம் என்று ஒன்று உண்டு. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கான ஆங்கில வாசிப்புப் பயிற்சிகளை வகுப்புவாரியாகப் பிரித்து இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் ஒரு பக்கம் இருக்கும். இந்தப் பயிற்சி எதற்காக, என்னென்ன பொருள் வேண்டும், குழந்தைகள் முதலில் என்ன செய்ய வேண்டும், அடுத்து என்ன என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். வெட்டி ஒட்ட வேண்டிய அட்டைகள் அதற்குப் பின்னால்தான் வரும். தொகுப்பு விற்பவர்கள் கழித்துக்கட்டுவது பெரும்பாலும் இந்த முதல் பக்கம் மாதிரியான பக்கங்களைத்தான். அட்டை மட்டும் கைக்கு வரும், அதை வைத்து என்ன செய்வது என்பது வராது. வரிசையும் போய்விடும். வாசிப்பு கற்பிப்பதில் பாதி வேலை எதற்கு அப்புறம் எது என்பதுதான். அதைத் தொலைத்த ஆயிரம் தாளால் ஒரு குழந்தைக்கும் பிரயோஜனம் இல்லை.

சரி, தளங்களுக்கு வருவோம். அதற்கு முன்னால் உங்கள் வகுப்பில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டும். நீங்கள் எழுதிய 'பாதிப் பேர்', 'சிலர்' போதாது. குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துப் பார்க்க இந்தியாவில் 2005 முதல் நடக்கும் அசர் கணக்கெடுப்பின் வாசிப்புச் சோதனைத் தாள்களை இணையத்தில் வெளியிட்டிருக்கிறார்கள், தமிழிலும் உண்டு. எழுத்துகள், சொற்கள், எளிய பத்தி, கொஞ்சம் நீளமான கதை, அவ்வளவுதான். குழந்தையைத் தனியாகப் பக்கத்தில் உட்காரவைத்து, பத்தியிலிருந்து ஆரம்பியுங்கள். தடையில்லாமல் படித்தால் கதைக்குப் போகலாம். திணறினால் சொற்களுக்கு இறங்குங்கள். ஐந்து சொல்லைப் படிக்கச் சொல்லி, குறைந்தது நான்கு சொல் சரியாக வருகிறதா என்று பாருங்கள். அதுவும் வராவிட்டால் எழுத்துகள். ஒரு குழந்தைக்குச் சில நிமிடம்தான் ஆகும். யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால், போனில் கிடக்கும் லிங்க்குகளில் முக்கால்வாசியை அழித்துவிடும் தைரியம் தானாக வரும்.

சொற்படியைத் தாண்டியவர்களுக்கு ஸ்டோரிவீவர். குழந்தைகள் புத்தகம் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய தளம். தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில் படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இறக்கலாம், அச்செடுக்கலாம், மொழிபெயர்க்கலாம். ஒரே ஒரு தளம்தான் திறக்க முடியும் என்றால் இதைத் திறங்கள். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் நிலையை மட்டும் நம்பிவிடாதீர்கள். அங்கே நிலை பிரிப்பதில் கதையில் எத்தனை சொல் என்பது ஒரு முக்கியமான அளவு. தமிழில் அந்தக் கணக்கு நம்மை ஏமாற்றும். 'பார்த்துக்கொண்டிருந்தாள்' என்பது ஒரே சொல்தான், ஆனால் அதில் பன்னிரண்டு எழுத்து. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை ஏழாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடும். வேறு மொழியிலிருந்து வந்த முதல் நிலைக் கதைகளில் இப்படிப்பட்ட சொற்கள் சர்வசாதாரணம். கதையை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் நீங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நீளச் சொல் பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால், அது நீங்கள் அவர்களுக்குப் படித்துக்காட்ட வேண்டிய கதை.

எழுத்துப் படியிலேயே நிற்கும் குழந்தைகள்தான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. ஆங்கில ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தின் ஒலியைச் சேர்த்துப் படிக்கும் முறைக்கான ஒர்க்ஷீட்களைத் தமிழாக்கம் செய்து ஏகப்பட்டது சுற்றுகிறது. தொடாதீர்கள். ஆங்கிலத்துக்கு உள்ள சிக்கல் வேறு, தமிழுக்கு உள்ள சிக்கல் வேறு. தமிழில் குழந்தை தடுமாறுவது குறிகளில். கெ, கே, கை எழுதும்போது குறி முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. கொ, கோ-வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படித்துப் பழகும் பிள்ளைக்கு இது சாதாரண விஷயமே இல்லை. அப்புறம் ஒரே 'க', கல்லில் ஒரு மாதிரியும் பகலில் ஒரு மாதிரியும் தங்கத்தில் ஒரு மாதிரியும் ஒலிக்கிறது. இதையெல்லாம் எந்தத் தமிழாக்க ஒர்க்ஷீட்டும் கண்டுகொள்வதில்லை. 247 எழுத்தையும் ஒப்பித்து முடித்த பிறகுதான் சொல் என்று காத்திருக்கவும் வேண்டாம். ட, ப, ம தெரிந்தால் போதும், புள்ளியைக் காட்டிவிட்டால் படம், மடம், பட்டம் எல்லாம் அன்றைக்கே படித்துவிடுவார்கள். இந்தப் படிக்கு இணையம் வேண்டாம் டீச்சர். ஒரு கரும்பலகையும் கையால் எழுதிய அட்டைகளும் போதும்.

இன்னொரு தொல்லை, படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லும் வீடியோக்கள். 'கழுதை' என்று எழுதியிருக்கும், குழந்தை படத்தைப் பார்த்துவிட்டுக் 'குதிரை' என்று சொல்லும், வீடியோவில் வரும் அக்காவும் கைதட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். எழுத்தைப் பார்க்காமலே தப்பித்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டதுதான் மிச்சம். படம் கதை புரிவதற்கு உதவும், சொல்லைப் படிப்பதற்கு எழுத்துதான்.

ஆங்கிலத்துக்கு இரண்டு போதும். புளோரிடா பல்கலைக்கழகத்தின் யூஃப்லி என்ற குழு ஆங்கில எழுத்து - ஒலிப் பாடங்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. ஆசிரியர் கையேடு விலைக்கு, ஆனால் ஸ்லைடுகளும் படித்துப் பழகும் சிறு பத்திகளும் வீட்டுப் பயிற்சித் தாள்களும் இலவசம். கையேடு இல்லாமலே பாட வரிசையைப் பின்பற்றலாம். நீங்கள் கற்றுக்கொள்ள ரீடிங் ராக்கெட்ஸ் என்ற தளம். உண்மையான வகுப்பறையில் ஆசிரியர் குழந்தையோடு உட்கார்ந்து வேலை செய்யும் வீடியோக்கள் அதில் இருக்கின்றன, சான்றிதழ் வகுப்பில் கிடைக்கிறதைவிட அதிகம் கிடைக்கும். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியத்துக்குப் பொக்கிஷம், ஆனால் அது உங்கள் சொந்த வாசிப்புக்கு. மூன்றாம் வகுப்புக்கு அல்ல.

அச்செடுத்துக் கொடுத்தால் சட்டச்சிக்கல் வருமா என்று பலரும் பயப்படுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இலவசமாகப் படிக்கலாம் என்பதும் இலவசமாக அச்செடுத்துப் பகிரலாம் என்பதும் ஒன்றல்ல. பக்கத்தின் அடியில் கிரியேட்டிவ் காமன்ஸ் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். எப்படிப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டித் தரும் உரிமம் அது. 'பிஒய்' (BY) என்று மட்டும் இருந்தால் பெயரைப் போட்டுவிட்டு அச்செடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஸ்டோரிவீவர் கதைகள் அப்படித்தான். 'என்டி' (ND) என்று சேர்ந்திருந்தால் மாற்றி எழுதியதைப் பகிரக் கூடாது. நீளச் சொல்லை உடைத்துச் சின்னதாக்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறீர்களே, அதற்கு இது தடை. 'என்சி' (NC) இருந்தால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இங்கேதான் குழப்பம். ஜெராக்ஸ் கடைக்காரர் காசு வாங்குகிறாரே, அது வணிகம் ஆகாதா? அமெரிக்காவில் இது வழக்காகவே போனது. கிரேட் மைண்ட்ஸ் என்ற அமைப்பு 'என்சி' உரிமத்தில் வெளியிட்ட கணிதப் பாடங்களைப் பள்ளிகளுக்காக ஃபெடெக்ஸ் கடை காசு வாங்கி நகலெடுத்துக் கொடுத்தது. கடைக்காரர் பள்ளி சொன்னதைச் செய்து கொடுத்தார், பள்ளியின் பயன்பாடு வணிகம் அல்ல, எனவே உரிமத்தை மீறவில்லை என்று 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது அந்த நாட்டுத் தீர்ப்புதான், ஆனால் உரிமத்தின் வாசகம் எல்லோருக்கும் ஒன்றே. நகல் செலவுக்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அந்த நகலையே லாபம் வைத்துப் பெற்றோரிடம் விற்பதுதான் வேறு கதை. எந்த அடையாளமும் இல்லாவிட்டால் உரிமை முழுவதும் எழுதியவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை வெட்டிய தொகுப்பில் இது எதுவும் தெரியாது என்பதையும் கவனியுங்கள்.

சான்றிதழ் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு மணி நேர வகுப்பைக் கேட்டுவிட்டு வருகைப் படிவம் நிரப்பினால் வரும் சான்றிதழுக்கு எந்த மதிப்பும் இல்லை. அதை வாங்கும் ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, கேட்கிறவர்கள் மேல்தான். எத்தனை பயிற்சி முடித்தீர்கள், எத்தனை போட்டோ ஏற்றினீர்கள் என்று மேலிருந்து கணக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனை குழந்தை பத்தி படிக்கிறது என்று அதே அக்கறையோடு கேட்டிருந்தால் இந்தச் சான்றிதழ் வியாபாரமே இருந்திருக்காது. மேலிருந்து வரும் லிங்க் பட்டியல்களின் லட்சணமும் அதுதான். 2020 டிசம்பரோடு அடோபி நிறுவனம் கைவிட்டுவிட்ட ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓடிய விளையாட்டுகள் இன்னும் அந்தப் பட்டியல்களில் இருக்கின்றன. அனுப்புகிறவர் ஒருமுறைகூடத் திறந்து பார்ப்பதில்லை. திறக்காத லிங்க்கைத் திறக்க முயன்று உங்கள் மாலை நேரம் போகிறது.

குழந்தையின் பெயர், போட்டோ, பெற்றோர் எண் கேட்கும் ஆப் எதுவாக இருந்தாலும் அன்றே நீக்கிவிடுங்கள். செயற்கை நுண்ணறிவில் போட்டெடுத்த தமிழ்த் தாள்களை ர-ற, ல-ள-ழ, ந-ன-ண பார்த்துத் திருத்தாமல் கொடுக்காதீர்கள்.

எழுதப் பழக்குவதற்கும் ஸ்டோரிவீவரே உதவும், இதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே கதைகளின் படங்களைத் தனியாகவும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அச்செடுங்கள், கீழே இரண்டு கோடு போட்டுக் குழந்தையிடம் கொடுங்கள். எழுத்துப் படியில் இருப்பவர் ஒரு சொல் எழுதட்டும், பத்தி படிப்பவர் இரண்டு வாக்கியம் எழுதட்டும். பிழையைச் சிவப்பு மையால் கிழிக்காமல், சரியான வடிவத்தை அடியில் நீங்கள் எழுதிக் காட்டுங்கள். மறுநாள் அவரவர் தாளை மாற்றிக்கொண்டு வாய்விட்டுப் படிக்கட்டும். படம் வரைந்தவர் பெயரை மூலையில் போட மறக்காதீர்கள். நாளைக்கு ஐந்து குழந்தைகளோடு மட்டும் ஆரம்பியுங்கள், அசர் தாளில் எல்லோருக்கும் கீழ்ப்படியில் நின்ற அந்த ஐந்து பேரோடு.