ஐந்து வயதுப் பிள்ளைக்குக் காசைப் பற்றி விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கடை வைத்து விளையாடுங்கள். ஆனால் ஒரு விதி இருக்க வேண்டும்: கையில் உள்ள காசு முடிந்தால் முடிந்ததுதான், பாவமாக இருக்கிறதே என்று நீங்கள் இன்னும் கொஞ்சம் எடுத்து நீட்டக் கூடாது. என்னைக் கேட்டால் பிள்ளை முதலில் பழக வேண்டியது இதைத்தான், எண்ணிக் கூட்டுவதெல்லாம் பிறகு.

நான் இருப்பது யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிப் பக்கம். இங்கே கடை விளையாட்டை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலிப் பூவரசின் இலைதான் காசு, மணல் சீனி, செங்கல் தேய்த்த தூள் மிளகாய்த்தூள், இரண்டு சிரட்டையைக் கயிற்றில் கோத்து ஒரு தடியில் தொங்கவிட்டால் தராசு. எல்லாம் சரி, பூவரசில் மட்டும் இலை தீராது, காசு முடிந்தால் பிள்ளை ஓடிப்போய் இன்னும் பத்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஆளுக்குப் பத்து இலைதான், அதற்குப் பிறகு வேலியில் கை வைக்கக் கூடாது. இலை வேண்டுமென்றால் எதையாவது விற்க வேண்டும். அந்த விதி வந்ததும் மகள் ஒரு சிரட்டை சீனிக்கே பேரம் பேசத் தொடங்கிவிட்டாள்!

அப்புறம் உண்மைக் காசுக்கு வாருங்கள். இந்த வயதில் எண்ணிக்கைதான் பெறுமதி என்று நினைப்பார்கள். ஐந்து 2 ரூபாய்க் குத்தியையும் ஒரு 10 ரூபாய்க் குத்தியையும் வைத்து எது வேணும் என்று கேட்டுப் பாருங்கள். "இதில அஞ்சு கிடக்கு, அதில ஒண்டுதானே அம்மா" என்று என் மகள் ஐந்தையும் அள்ளிக்கொண்டாள். விளக்கம் சொல்லிப் பயனில்லை, மாற்றி மாற்றி விளையாட விடுங்கள். அண்ணன் வங்கிக்காரன், ஐந்து இரண்டைக் கொடுத்தால் ஒரு பத்துத் தருவான், எதைக் கொண்டுபோனாலும் கடையில் அதே ரொபிதான் கிடைக்கும். கொஞ்ச நாளில் தானாகப் பிடிபடும்.

தாள்களையும் காட்டுங்கள், நம் நாட்டுத் தாள்கள் பிள்ளைகளுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். 2011-இல் வந்த வரிசையில் ஒவ்வொரு தாளின் முன்பக்கத்திலும் ஒரு பறவையும் வண்ணத்துப்பூச்சியும், பின்பக்கத்தில் ஆடுகிறவர்களும். 20 ரூபாயில் ஆந்தை. 500, 1000 இரண்டிலும் கிளி, ஆனால் ஒன்று ஊதா, மற்றது பச்சை. பெறுமதி கூடக் கூட நீளமும் கூடும், அந்த வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். ஒன்று, விளையாட வேண்டும் என்று தாளைப் போட்டோக்கொப்பி எடுத்துவிடாதீர்கள், மத்திய வங்கியின் அனுமதியில்லாமல் பிரதி எடுப்பது குற்றம். வெறும் அட்டையில் அவர்களே வரையட்டும்.

மிச்சக்காசு இன்னொரு குழப்பம். நாம் ஒரு தாளைக் கொடுக்கிறோம், கடைக்காரர் சாமானையும் தந்து மூன்று நாலு தாளும் தருகிறார், பிள்ளையின் கணக்கில் கடைக்குப் போனால் காசு கூடுகிறது. இது தெளிய வேண்டுமென்றால் பிள்ளையைக் கடைக்காரராக உட்கார வையுங்கள். தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போதுதான் அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. இங்கே நிறையப் பிள்ளைகளுக்குக் காசு கனடா மாமாவிடமிருந்தோ ஏடிஎம் மெசினிலிருந்தோதான் வருகிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வருவார்கள், அன்பில் சின்னப் பிள்ளையின் கையில் 5000 ரூபாய்த் தாளைத் திணிப்பார்கள். அது பிள்ளைக்கு ஒரு படம், அவ்வளவுதான், உடனே அம்மாவின் கைப்பைக்குள் போய்விடும். நான் இப்போது மாமாமாருக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன், நூறு ரூபாய்த் தாளாகக் கொடுங்கோ, கொஞ்சமாகக் கொடுங்கோ என்று. வருசப்பிறப்புக் கைவிசேடமும் அப்படித்தான். திருவிழாக் கடைத்தெருவில் அந்த நூறுகளைப் பிள்ளையே வைத்திருக்கட்டும், கச்சானா, ஐஸ்கிரீமா, பிளாஸ்டிக் காரா என்று தானே முடிவெடுக்கட்டும். கார் வாங்கிவிட்டு ஐஸ்கிரீமுக்கு அழும், அழட்டும், நீங்கள் பேர்ஸைத் திறக்காதீர்கள். வீட்டில் பூவரசம் இலையோடு போட்ட விதிதான் இங்கேயும்.

சேர்த்து வைக்க மண் உண்டியலை விட ஜாம் போத்தல் நல்லது, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வெளியே தெரியும். வீட்டு வேலைக்குக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, சாப்பிட்ட கோப்பையைக் கழுவுவதற்கெல்லாம் கூலி பேசப் பழகிவிடுவார்கள். மொனொப்பொலிக்கு அவசரப்பட வேண்டாம், பெட்டியிலேயே 8 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கும். வீட்டில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் குத்திக்காசை அதன் கைக்கு எட்டாமல் வையுங்கள், வாயில் போட்டு விழுங்கிவிடும்.