ரன்-ஃபிளாட்டைக் கழற்றினால் கிளெய்ம் போய்விடுமா?

கேள்வி: 2021 மாடல் ஜெர்மன் செடான் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். நீட்டித்த வாரண்டி இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. நான்கும் ரன்-ஃபிளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது), அளவு 225/45 ஆர்18 95ஒய். வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. முன்பக்க டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஷோரூமில் நான்கு ரன்-ஃபிளாட்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் சொல்கிறார்கள். சாதாரண டியூப்லெஸ் போட்டால் வாரண்டி ரத்து, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வராது, போலீஸ் பிடித்தால் மாடிஃபிகேஷன் கேஸ் என்றும் சொல்கிறார்கள். 'எந்தப் பழுதுக்கும் நானே பொறுப்பு' என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்தும் கேட்கிறார்கள். டயர்கடைக்காரரோ முன்னால் மட்டும் சாதாரண டயர் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் ரன்-ஃபிளாட் இருக்கட்டும் என்கிறார். யார் சொல்வது சரி? (வாசகர், திருப்பூர்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பாதி தவறு. டயர்கடைக்காரர் சொல்வதுதான் கூடுதல் ஆபத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் போலீஸ் பயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தடுப்பது, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை அப்படியே கறாராகப் படித்தது. உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். சேசிஸ் எண், என்ஜின் எண், நிறம், எரிபொருள், இருக்கை, எடை இருக்கும். டயரின் பக்கச்சுவர் கெட்டியா மென்மையா என்று எங்கும் இருக்காது. அதே அளவில், அதே தாங்குதிறனில் வேறு வகை டயர் போடுவது தேய்ந்த பாகத்தை மாற்றுவதுதான். அனுமதியில்லாத மாற்றத்துக்கு பிரிவு 182-ஏ(4)-இல் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு என்பது உண்மை. அது உங்களைத் தொடாது. 18 இன்ச் ரிம்மைக் கழற்றி 20 இன்ச் போட்டு, டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பவர் கவலைப்பட வேண்டிய பிரிவு அது.

இப்போதைக்கு நீங்கள் செய்துகொண்டிருப்பதுதான் சட்டத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதி 94-இன்படி காரின் டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு தெரியும். அதுதான் தேய்மானக் குறி. ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரில் ஓட்டுவதே விதிமீறல். மழையில் சறுக்கி விபத்தானால் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் தன் அறிக்கையில் முதலில் எழுதுவதும் அதைத்தான். ஆகவே மாற்றுவதை ஒத்திப்போடாதீர்கள்.

அடுத்து எந்த டயர். இங்கேதான் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். 225/45 ஆர்18 என்ற அதே அளவில் கடையில் இரண்டு விதம் கிடைக்கும். ஒன்று 91, இன்னொன்று எக்ஸ்.எல். (கூடுதல் சுமை தாங்குவது) என்று அச்சிட்ட 95. இந்த எண் தாங்குதிறன் குறியீடு. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ, 95 என்றால் 690 கிலோ. டயருக்கு 75 கிலோ வித்தியாசம், நான்குக்கும் சேர்த்து 300 கிலோ. குடும்பத்தோடு லக்கேஜும் ஏற்றி நெடுஞ்சாலையில் போகும்போது அந்த 300 கிலோதான் பேசும். 91 விலை குறைவு என்பதால் 'சைஸ் ஒன்றுதானே சார்' என்று கடைக்காரர் அதை நீட்டுவார். வாங்காதீர்கள். குறைந்த தாங்குதிறன் டயர் வெடித்து விபத்தானால், வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனையை நீங்கள் மீறியதாகச் சொல்ல காப்பீட்டு நிறுவனத்துக்கு நிஜமான ஆயுதம் கிடைத்துவிடும். வேகக் குறியீட்டில் ஒய் என்றால் 300 கிலோமீட்டர், டபிள்யூ 270, வி 240. நம் சாலையில் எதுவும் தேவைப்படாது. ஆனாலும் கதவுத்தூணில் ஒட்டிய லேபிளிலும் கையேட்டிலும் எது இருக்கிறதோ அதற்குக் கீழே இறங்காதீர்கள். மிச்சமாகும் சில ஆயிரத்துக்காகப் பின்னால் வாதாட வேண்டி வரும்.

முன்னால் சாதாரணம், பின்னால் ரன்-ஃபிளாட் என்பது வேண்டவே வேண்டாம். ரன்-ஃபிளாட்டின் பக்கச்சுவர் காற்றில்லாமலே வண்டியைத் தாங்கும் அளவுக்குக் கெட்டி. பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் வரை போக அது தாங்கும். அந்தக் கெட்டியும் சாதாரண டயரின் மென்மையும் ஒரே வண்டியில் சேர்ந்தால் வளைவில் முன்னும் பின்னும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. கலக்காதே என்று டயர் நிறுவனங்களும் கார் கையேடுகளும் சொல்வது இதனால்தான். நீதிமன்றத்தில் உங்கள் கையேடு எதிர்த்தரப்பின் ஆவணமாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கையும் ஒரே நாளில் மாற்றுங்கள். பின்னாலுள்ள நல்ல இரண்டையும் கடையில் கொடுத்துத் தொகையைக் கழிக்கச் சொல்லலாம்.

டயரின் பக்கச்சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். பயணிகள் கார் டயருக்கு ஐ.எஸ். 15633 தரம் கட்டாயம். 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியதிலிருந்து 'இம்போர்ட்டட் பீஸ்' என்று சொல்லி முத்திரையில்லாத சரக்கு சில இடங்களில் கைமாறுகிறது. அதைப் போட்டுக்கொண்டு விபத்துக்குப் பின் கிளெய்முக்குப் போனால் என்னாலும் பெரிதாக வாதாட முடியாது.

இனி பில். என்னிடம் வரும் டயர் வழக்குகளில் பாதி பில்லிலேயே தோற்றுப்போனவை. '18 இன்ச் டயர் 4 எண்ணம்' என்று எழுதிய பில்லால் எதையும் நிரூபிக்க முடியாது. நீங்கள் வாங்கும் ஜி.எஸ்.டி. பில்லில் வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், கம்பெனி, மாடல், '225/45 ஆர்18 95ஒய் எக்ஸ்.எல்.' என்ற முழு எழுத்து, நான்கு டயரின் டி.ஓ.டி. எண்களின் (பக்கச்சுவரில் பொறித்த தயாரிப்பு எண்) கடைசி நான்கு இலக்கம் எல்லாம் இருக்க வேண்டும். கடைசி நான்கு இலக்கம் '1424' என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆம் வாரம் தயாரானது என்று பொருள். எண்களை நீங்களே டயரைக் குனிந்து பார்த்து எழுதச் சொல்லுங்கள். சிலதில் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே முழு எண் இருக்கும், அது உள்பக்கமாகப் போய்விட்டால் பிறகு வண்டியைத் தூக்கித்தான் படிக்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பே மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் அறிக்கை, டயர் அழுத்தக் கண்காணிப்பை ரீசெட் செய்தது ஆகியவையும் பில்லிலேயே வரட்டும்.

ஸ்டெப்னி. 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டியில் டியூப்லெஸ் டயரோடு அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. ரன்-ஃபிளாட்டைக் கழற்றிய நாளிலேயே காற்றடிக்கும் மோட்டாரும் சீலன்ட்டும் உள்ள கிட் ஒன்று டிக்கியில் ஏறிவிட வேண்டும். சீலன்ட் டப்பாவில் காலாவதித் தேதி உண்டு. ஓடுதளத்தில் பட்ட ஆணிக்கு அது போதும். பக்கச்சுவர் கிழிந்தால் பயனில்லை, டோயிங்தான். சின்ன ஸ்டெப்னி வாங்குவதென்றால் அதை டிக்கியில் பெல்ட் போட்டுக் கட்டுங்கள். ரன்-ஃபிளாட்டோடு வந்த வண்டிகள் பலவற்றில் ஜாக்கியே கொடுத்திருக்க மாட்டார்கள் என்பதால் ஜாக்கி, ஸ்பேனர், பூட்டு போல்ட்டின் சாவி மூன்றும் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி. டயர் மாற்றியதற்காக முழு வாரண்டியையும் ரத்து செய்ய ஷோரூமுக்கு உரிமை இல்லை என்பது என் கருத்து. 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் கொடுத்த உத்தரவில், வெளியாளிடம் வேலை பார்த்ததற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது, தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. உங்கள் நீட்டித்த வாரண்டி புத்தகத்தில் டயர், சஸ்பென்ஷன் பற்றி என்ன ஷரத்து இருக்கிறது என்று படியுங்கள். டயருக்கும் வீல் பேரிங்குக்கும் தொடர்பு காட்டி அவர்கள் வாதாட முடியும். டயருக்கும் ஏ.சி. கம்ப்ரஸருக்கும் முடியாது. வேலையை மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம்: எந்த ஷரத்தின்படி, எந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் மறுக்கிறீர்கள் என்று ஜாப் கார்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் குரல் இறங்கிவிடும்.

கையெழுத்துக் கடிதத்தை அப்படியே போடாதீர்கள். 'எந்தப் பழுதுக்கும்' என்பதை அடித்துவிட்டு, 'டயர் மாற்றத்தால் நேரடியாக ஏற்பட்டதாக நிரூபிக்கப்படும் பழுதுக்கு மட்டும்' என்று கையால் எழுதி, அதன் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பதற வேண்டாம். ஒருதலைப்பட்ச ஒப்பந்தத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(46)-இன் கீழ் கேள்வி கேட்கலாம். அந்தப் புகார் மட்டும் மாவட்ட ஆணையத்தில் அல்ல, மாநில ஆணையத்தில் போட வேண்டும். சேவைக் குறைபாடு என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையமே போதும். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

காப்பீடு. பொதுவாக விற்கப்படும் தனியார் கார் பாலிசியில் டயருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. வண்டியும் சேர்ந்து சேதமானால்தான் டயருக்குப் பணம், அதுவும் மாற்றுச் செலவில் 50 சதவீதம். குழியில் விழுந்து டயர் மட்டும் புடைத்தால், அது ரன்-ஃபிளாட் ஆனாலும் ஒன்றும் கிடைக்காது. 'டயர் புரொடெக்ட்' ஆட்-ஆன் எடுத்திருந்தால் கதை வேறு. அதில் பழைய டயரின் விவரம் பதிவாகியிருக்கலாம், புதியதைச் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்தவர் மீது மோதிவிட்டால், அவருக்கான இழப்பீட்டை மறுக்கும் காரணங்கள் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 150-இல் பட்டியலாக உள்ளன. அதில் டயர் வகை இல்லை. முக்கிய விவரத்தை மறைத்து பாலிசி வாங்கியது என்பது மட்டும் இருக்கிறது. அந்தக் கதவையும் அடைத்துவிட, மாற்றிய அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு மூன்று வரி மின்னஞ்சல் போடுங்கள்:

'பாலிசி எண் இது, வண்டி எண் இது. தேய்ந்த ரன்-ஃபிளாட் டயர்கள் நான்கையும் அதே அளவு, தாங்குதிறன், வேகக் குறியீடு கொண்ட சாதாரண டயர்களாக இன்று மாற்றியுள்ளேன். பில்லும் படங்களும் இணைப்பில்.'

பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அனுப்பிய தேதிதான் உங்கள் சாட்சி.

சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை 'டயர் வேறு' என்று நிராகரித்தால், அந்த டயர் எப்படி விபத்துக்குக் காரணமானது என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. பின்னாலிருந்து லாரி இடித்த விபத்தில் அதைக் காட்டவே முடியாது. நிபந்தனை மீறல் இருந்தாலும் கிளெய்மை முழுக்க மறுக்காமல் ஒரு பகுதியையாவது கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்திருக்கிறது. நிராகரிப்புக் கடிதத்தில் இல்லாத புதுக் காரணத்தைப் பிறகு வழக்கில் கிளப்ப முடியாது என்று 2019-இல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் சொன்னது. ஆகவே மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ திருப்தியில்லையென்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் வரை அவர் விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. டயர் வெடித்து விபத்தானால் அந்த டயரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள், கிழிந்த துண்டுகள் உட்பட. டயர் கம்பெனி எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்றால் டி.ஓ.டி. எண் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். குறைபாடு உண்டா என்று ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38-இல் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அனுப்ப டயர் இருக்க வேண்டும்.