கண்ணு எலும்பு ஆபரேஷன்: ப்ளேட்டுக்குப் பயப்படாதீங்க, ரூம் வாடகையைப் பாருங்க

கேள்வி: கரூர்ல இருந்து எழுதறேன் சார். பைக்ல போன என் வீட்டுக்காரரை ஒரு கார் இடிச்சு, இடது கண்ணுக்குக் கீழ எலும்பு உடைஞ்சிருக்கு, பாக்கறதெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதாம். ரெண்டு வாரத்துக்குள்ள ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டார். சாதா டைட்டானியம் மெஷ் (வலை மாதிரி தகடு)னா 1.70 லட்சம், கண்ணுக்குழி ஷேப்லயே வளைச்சு வர்ற ப்ளேட்னா 2.10 லட்சம். கம்பெனி இன்சூரன்ஸ் 3 லட்சம் இருக்கு, ஆனா ரூமுக்கு ஒரு நாளைக்கு 3,000 தான், இவங்க சொல்ற ரூம் 4,500. முகத்து ஆபரேஷன், அழகுக்குன்னு ரிஜெக்ட் பண்ணிடுவாங்கன்னு சொந்தக்காரங்க பயமுறுத்தறாங்க. 1.5 லட்சம் எஃப்டியை உடைக்கவா, நகையை அடகு வைக்கவா?

பதில்: முதல்ல அந்தச் சொந்தக்காரங்க பேச்சை விடுங்க சகோதரி. அழகுக்காகப் பண்ற ஆபரேஷனுக்குப் பணம் கிடையாதுன்னு பாலிசில இருக்கறது நெசம், ஆனா விபத்துல அடிபட்டு சரி பண்றது அதுல சேராதுன்னு அதே வரிலயே போட்டிருக்கும், யாரும் முழுசா படிக்கறதில்ல. நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான், டாக்டர் எழுதற குறிப்புல "ரெண்டா தெரியுது, கண்ணு மேல ஏறி பாக்க முடியல" அப்படிங்கறதும் சிடி ஸ்கேன்ல எலும்பு உடைஞ்சு உள்ள இருக்கற கொழுப்பு கீழ சைனஸுக்குள்ள இறங்கியிருந்தா அதுவும் தெளிவா வரணும். வெறும் "முகத்தோற்றம் சரி செய்ய"ன்னு எழுதிட்டா கேள்வி மேல கேள்வி வரும்.

இப்போ ப்ளேட். நான் கணக்குப் பாக்கறவன், கத்தி பிடிக்கறவன் இல்ல, அதனால எது வைக்கணும்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா கூட கேக்கற அந்த 40,000 எதுக்குன்னு புரிஞ்சுக்கோங்க. சாதா மெஷ் தட்டையா வரும், தியேட்டர்லயே வெட்டி, வளைச்சு, வச்சுப் பாத்து, எடுத்து, மறுபடி வளைப்பாங்க. கண்ணுக்குழியோட தரை தட்டை கிடையாது, பின்னாடி போகப் போக மேல ஏறும். அந்த வளைவை நிறைய பேரோட ஸ்கேன் வச்சு முன்கூட்டியே ப்ளேட்ல கொண்டு வந்துடறாங்க, ஓரத்தை மட்டும் வெட்டினா போதும், தியேட்டர் நேரமும் குறையும். சின்ன உடைசல்னா தட்டை மெஷ்ஷே போதும்னு டாக்டரே சொல்லுவார். பெருசா உடைஞ்சு மூக்குப் பக்கச் சுவரும் போயிருந்தா ஷேப் முக்கியம், ஏன்னா குழி பெருசாயிடுச்சுன்னா கண்ணு உள்ள போயிடும், அப்புறம் இன்னொரு ஆபரேஷன், அதோட பாத்தா 40,000 ஒண்ணுமே இல்ல. நடுவுல ஒரு வழியும் இருக்கு, அவரோட ஸ்கேனை வச்சு மண்டையோட்டு மாடல் 3டி பிரிண்ட் எடுத்து, தட்டை மெஷ்ஷை அது மேல முதல் நாளே வளைச்சு வச்சுக்கறது. உங்க ஆஸ்பத்திரில உண்டான்னு கேளுங்க.

நீங்க நிஜமா கவலைப்பட வேண்டியது அந்த 4,500 ரூவா ரூமுக்கு. மூணு நாளைக்கு 4,500 தானே கூடன்னு நினைப்பீங்க, அப்படி இல்ல. லிமிட்டைத் தாண்டின ரூம் எடுத்தா டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாத்தையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க, உங்களுக்கு மூணுல ஒரு பங்கு. 2.10 லட்சத்துல ப்ளேட், மருந்து, ஸ்கேன் ஒரு லட்சம்னு வச்சா மீதி 1.10 லட்சத்துல 36,000க்கு மேல உங்க தலைல. ஆனா ப்ளேட்டு, மருந்து, டெஸ்ட் இதுல எல்லாம் இந்த வெட்டு போடக்கூடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ 2020லயே சொல்லிடுச்சு. ஆக 3,000 ரூவா ரூமை எடுங்க, இல்லன்னா ரெண்டு பேர் ஷேர் பண்ற ரூம், ப்ளேட்டுக்கான வித்தியாசம் கிட்டத்தட்ட அதுலயே வந்துடும்.

கேஷ்லெஸ் போடுங்க, அதாவது பில்லை கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டறது, ஐஆர்டிஏஐயோட 2024 சர்க்குலர் படி கம்பெனி ஒரு மணி நேரத்துல பதில் சொல்லணும். ப்ளேட்டோட பில்லு, கூடவே அதோட ஸ்டிக்கர் கேஸ் ஷீட்ல ஒட்டியிருக்கான்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாடி பாத்துடுங்க, இது இல்லாம மாசக்கணக்குல அலைஞ்சவங்களைப் பாத்திருக்கேன்.

கிளவுஸ் மாதிரி சில்லறை செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் ஒரு 60,000 தேவைப்படும்னு வச்சுப்போம். எஃப்டியை உடைக்காதீங்க, பல பேங்க்ல வட்டி விகிதத்துல ஒரு பர்சென்ட் வரை பிடிப்பாங்க, 20 மாசம் ஓடியிருந்தா 2,500 போச்சு. அது மேலயே கடன் வாங்குங்க, எஃப்டி வட்டிய விட ஒண்ணு ரெண்டு பர்சென்ட்தான் கூட, நாலு மாசத்துல அடைச்சா கழிச்சுப் பாத்தா நிகரமா 200ல இருந்து 400 ரூவாதான் செலவு. நகை வீட்லயே இருக்கட்டும்.

கடைசியா அந்தக் கார்காரன். ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி எழுதற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்), எஃப்ஐஆர் காப்பி ரெண்டையும் இப்பவே வாங்கிடுங்க. இன்சூரன்ஸ் தராத செலவு, அவர் லீவு போட்ட சம்பளம், ஆட்டோ, கூட இருந்தவங்க செலவு இதெல்லாம் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துல கேக்கலாம், 2022ல இருந்து ஆறு மாசக் கெடு, அதுக்குள்ள மனு போட்டுடுங்க. பைக் பாலிசில இருக்கற 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் கவரை நம்பாதீங்க, அது சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், ஆபரேஷன் பில்லுக்கு ஒரு பைசா வராது.