குடிக்காதவருக்கு பர்பன் ஆலையில் என்ன இருக்கிறது?

கேள்வி: அக்டோபரில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். ஒரு நாள் கென்டக்கி விஸ்கி ஆலைகளைச் சுற்றிக்காட்டுகிறேன் என்கிறான். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. போவதில் பயன் உண்டா? எத்தனை ஆலை பார்க்கலாம்?

பதில்: தாராளமாகப் போங்கள். இரண்டு ஆலை போதும். மூன்றாவதில் கால்வலிதான் மிஞ்சும். முதலில் கிளெர்மான்ட்டில் ஜிம் பீம், மதியத்துக்கு மேல் லொரெட்டோவில் மேக்கர்ஸ் மார்க். முன்னது பெரிய தொழிற்சாலை, பின்னது தோப்புக்கு நடுவில் இருக்கும் பண்ணை மாதிரி. இரண்டுக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். மகன் சுவைத்துப் பார்ப்பதாக இருந்தால் வண்டி ஓட்ட வேறு ஆள் வேண்டும்.

பர்பன் என்பது ஒரு வகை அமெரிக்க விஸ்கி. அதற்கான தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். கூடவே முளைகட்டிய பார்லியும், ரை என்ற தானியமும் சேர்ப்பார்கள். மேக்கர்ஸ் மார்க்கில் ரைக்குப் பதில் கோதுமை.

நீங்கள் நின்று பார்க்க வேண்டியது ஊறல் தொட்டி. அடுப்பே இல்லாமல் மஞ்சள் கஞ்சி கொதிப்பதுபோல் குமிழியிடும். ரொம்பக் குனிந்து முகராதீர்கள், கரியமில வாயு மூக்கில் சுருக்கென்று ஏறும். முந்தைய வடிப்பில் மிஞ்சிய புளித்த நீரைப் புது ஊறலில் கலப்பதையும் சொல்வார்கள். நம்மவர்கள் உடனே 'பழைய தோசை மாவு சேர்ப்பது போலத்தானே' என்பார்கள். இல்லை. அந்த நீர் ஏற்கெனவே கொதித்தது, அதில் உயிருள்ள ஈஸ்ட் கிடையாது. புளிப்பைக் கூட்டி, வேண்டாத கிருமிகள் பெருகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஈஸ்ட்டைத் தனியாகத்தான் விடுவார்கள்.

வடித்து வரும் சாராயம் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். நிறம் முழுக்க மரத்திலிருந்து வருவது. சாயமோ வாசனையோ சேர்க்கச் சட்டம் இடம் தராது. புது ஓக் பீப்பாயின் உட்புறத்தை ஒரு நிமிடத்துக்குள் தீயில் கருக்கி, அதில் சாராயத்தை நிரப்பிக் கிடங்கில் வைப்பார்கள். அறுத்துவைத்த பீப்பாய் இருந்தால் உள்ளே பாருங்கள், கரி முதலைத் தோல் மாதிரி வெடித்திருக்கும். கோடையில் சாராயம் விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் பின்வாங்கும். அப்படிப் போய்வரும்போதுதான் வெனிலா வாசனையும் காய்ச்சிய சர்க்கரை வாசனையும் ஏறுகின்றன. கொஞ்சம் ஆவியாகவும் போய்விடும். அதைத் தின்று வளரும் பூஞ்சைதான் கிடங்குச் சுவரிலும் பக்கத்து மரங்களிலும் கரிபூசியதுபோல் படிந்திருப்பது. தீ விபத்தோ என்று பயப்படாதீர்கள்.

சுவைக்கும் அறையில் கோப்பையை வாங்கி முகர்ந்து பார்க்கலாம், குடிக்க வேண்டியதில்லை. வாயைச் சற்றுத் திறந்துகொண்டு முகர்ந்தால் நெடி அடிக்காது. பிறகு லொரெட்டோ கடையில் மகன் ஒரு பாட்டில் வாங்கினால், அதன் கழுத்தைச் சிவப்பு மெழுகில் முக்கி எடுக்கிற வேலையை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.