வேற்றுகிரகவாசிகள் யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் விண்வெளி நாவலை இரண்டே நாளில் முடித்தேன். இரண்டு குறைகள். கப்பல் பிராக்ஸிமா சென்டாரி நட்சத்திரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி நாவல் ஓடிவிடுகிறது. ஒளியை மிஞ்சும் எஞ்சின் ஒன்றை மாட்டியிருந்தால் ஒரே பக்கத்தில் வேலை முடிந்திருக்கும். அடுத்து, அங்கே இருப்பவர்கள் யார், அவர்களுக்கு என்னதான் வேண்டும்? கடைசிவரை சொல்லவில்லை. இது வாசகரை ஏமாற்றுவதில்லையா? இரண்டாம் பாகம் உண்டா?

கவிதா

அன்புள்ள கவிதா,

இரண்டு குறை என்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிராக்ஸிமா இருப்பது 4.24 ஒளியாண்டு தொலைவில். 1977-ல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் இப்போது நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போகிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக ஏறக்குறைய 75,000 ஆண்டு பிடிக்கும். என் கப்பலுக்கு ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தேன். அதுவே தாராளம். அப்படியும் 42 ஆண்டு. அந்த வேகத்தில் ஒரு மில்லிகிராம் தூசி மோதினால் 100 கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடித்ததற்குச் சமம். உறைதூக்கத்திலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் மருத்துவர் முதலில் முன்கவசத்துப் பள்ளங்களைப் போய்த் தடவிப் பார்ப்பது அதனால்தான்.

இப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள் அங்கே விசித்திரமான துடிப்புகளைக் கேட்கிறார்கள். ‘இது என்ன?’ என்று பூமியைக் கேட்டால் பதில் வர எட்டரை ஆண்டு. அதற்குள் துடிப்பே மாறிவிடுகிறது. எஞ்சியிருப்பதோ கிழடு தட்டிய சிலர். அவர்கள் எதைக் கண்டுபிடித்து உங்களிடம் சொல்வது?

நம் வாசலுக்கே வந்ததைக்கூட நாம் சரியாகப் பார்க்கவில்லை. 2017 அக்டோபரில் ஹவாய்த் தொலைநோக்கியில், சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த ஓமுவாமுவா என்ற பொருள் அகப்பட்டபோது, அது சூரியனைச் சுற்றிவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. சில மாதங்களில் மங்கி மறைந்தது. நீளமானதா, தட்டையானதா என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. சூரிய ஈர்ப்பால் மட்டும் விளக்க முடியாத சிறு முடுக்கம் வேறு அதற்கு இருந்தது. அது இயற்கையான பொருள்தான் என்று பெரும்பாலான வானியலாளர்களோடு நானும் நினைக்கிறேன். ஆனால் ஒரு கல்லுக்கே இந்தப் பாடு!

விளக்கம் ஒன்றை எழுதிப் பார்க்காமல் இல்லை. அவர்களுக்கு நீர் வேண்டும், இடம் வேண்டும் என்று நாலு வரி எழுதியதுமே வேஷம் கட்டிய மனிதர்களாகிவிட்டார்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாம் பாகம் உண்டு. பூமியின் பதில் கப்பலுக்கு வந்து சேரும் நாளில் தொடங்குகிறது. அவர்கள் யார் என்பது அதிலும் வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.