குவியல் முறையில் தங்கம் எடுத்தால் அந்த சயனைடு எங்கே போகிறது?

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதி நகைக்கடையில் வந்த சந்தேகம் என்கிறீர்கள்: டன்னுக்கு 1 கிராம்கூட தேறாத கல்லில் தங்கம் எடுத்துக் கட்டுப்படியாகுமா, சயனைடு என்ன ஆகும்?

கட்டுப்படியாகும். கல்லை மாவாக அரைக்கும் செலவு இல்லை. துண்டுகளாக உடைத்து, தடித்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் குவித்து, நீர்த்த சயனைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால்தான் தங்கம் கரையும். சுண்ணாம்பு போட்டு, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 10-க்கு மேலே வைக்க வேண்டும். இறங்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பிவிடும், ஆளைக் கொல்லும். அடியில் வடிவதிலிருந்து தங்கத்தைக் கரி பிடித்துக்கொள்ளும். மிச்சக் கரைசல் திரும்பக் குவியலுக்கே போகும். இது மாதக்கணக்கில் ஓடும்.

அப்புறம் குவியலை அலசுவார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை சயனைடை நச்சு குறைந்த சயனேட்டாக மாற்றும். சரி, அதோடு முடிந்ததா? என்னைக் கேட்டால் பெரிய தலைவலி அமில வடிகால்தான். கல்லில் கந்தகத் தாது இருந்தால் மழையும் காற்றும் பட்டு அமிலம் ஊறும். செம்பு முதலிய உலோகங்களைக் கரைத்து ஆற்றில் சேர்க்கும், பல பத்தாண்டுகளுக்கு. அமெரிக்காவின் சம்மிட்வில் தங்கச் சுரங்கத்தை நிறுவனம் 1992-இல் கைவிட, சுத்தம் செய்யும் வேலை அரசின் தலையில் விழுந்தது. கோலாலம்பூர் சாயங்கால மழை தெரியுமே. அப்படிப் பெய்யும் இடத்தில் சயனைடு கரைசல் சேரும் குளம் வழியாமல் பார்ப்பதே தனி வேலை.