ஸ்பானிஷ் படிக்க ஆசை. ஸ்பெயின் ஸ்பானிஷா, மெக்சிகோ ஸ்பானிஷா? ஒரு நாட்டுப் பேச்சு இன்னொரு நாட்டில் புரியாதாமே, உண்மையா?

யாரோடு பேசப்போகிறீர்களோ அவர்கள் ஊர் ஸ்பானிஷைப் படியுங்கள். அது இன்னும் முடிவாகவில்லை என்றால் மெக்சிகோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் மக்கள்தொகை மிக அதிகம் அங்கேதான், 12 கோடிக்கு மேல்.

புரியாது என்பது மிகை. லத்தீன் அமெரிக்க வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசுவதுதான் என் பிழைப்பு. கொலம்பியாவின் பொகோத்தாவிலிருந்து ஓர் அழைப்பு வரும், அடுத்தது அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸிலிருந்து. பில், ஒப்பந்தம், மின்னஞ்சல் எல்லாம் ஏறக்குறைய ஒரே மொழிதான். பேச்சு சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் அரட்டைக்கும் இறங்கும்போதுதான் வித்தியாசம் தலைகாட்டும்.

அதிலும் சாப்பாட்டுச் சொற்களுக்குப் பின்னால் நல்ல சரித்திரம் இருக்கிறது. 1492-இல் ஸ்பானியர்கள் முதலில் போய் இறங்கியது கரீபியன் தீவுகளில். அங்கிருந்த தைனோ மக்களிடம் கற்ற சொற்களை, பிறகு பெருநிலத்துக்குப் போனபோதும் கையோடு கொண்டுபோனார்கள். மக்காச்சோளத்துக்கு மாயீஸ், ஓடத்துக்கு கனோவா என்று ஸ்பானிஷ் உலகம் முழுக்கச் சொல்வது அப்படி வந்ததுதான். வேர்க்கடலைக்கு தைனோக்கள் வைத்திருந்த பெயர் மனீ. தென் அமெரிக்காவில் இன்றும் அதுவே வழக்கு. மெக்சிகோவில் நாவாட்டில் மொழி ஓங்கியிருந்ததால் அங்கே அது காகவாத்தே. ஸ்பெயின் மெக்சிகோக்காரர்கள் சொல்லை வாங்கி, வாலை லேசாகத் திருகி, காகவேத்தே ஆக்கிக்கொண்டது. மிளகாயும் அப்படித்தான். மெக்சிகோவில் சிலே, அது நாவாட்டில். பெருவில் அஹீ, அது தைனோ. அங்கே கெச்சுவா மொழியில் உச்சு என்று சொந்தச் சொல் இருந்தும், தீவிலிருந்து வந்த சொல்தான் ஸ்பானிஷில் நிலைத்தது. பீன்ஸுக்கு மெக்சிகோவில் ஃப்ரிஹோல், அர்ஜென்டினாவில் போரோத்தோ, வெனிசுவேலாவில் கராவோத்தா, புவேர்ட்டோ ரிக்கோவில் அபிச்சுவேலா. இணையத்தில் சமையல் குறிப்பு தேடிச் சமைக்கிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இதெல்லாம் தெரியாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது, கடையில் கையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். வம்பில் மாட்டிவிடும் சொற்கள் வேறு. ஸ்பெயினில் பேருந்து பிடிக்கவும், பேனாவை எடுக்கவும் கொஹேர் என்ற வினையைக் குழந்தை முதல் கிழவர் வரை சொல்வார்கள். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது படுக்கையறைக் கெட்ட வார்த்தை. தோமார் என்று சொல்லிப் பழகுங்கள், பேருந்து பிடிக்க எந்த நாட்டிலும் தப்பில்லை. அந்தப் பேருந்துக்கே கியூபாவிலும் கனேரித் தீவுகளிலும் குவாகுவா என்று பெயர்; சிலியில் குவாகுவா என்றால் கைக்குழந்தை. கொலம்பியாவில் தின்தோ கேட்டால் கடுங்காப்பி வரும், ஸ்பெயினில் கேட்டால் சிவப்பு ஒயின். கொலம்பியாக்காரர்கள் அந்தக் காப்பியைக்கூட ‘எனக்குப் பரிசாகத் தருகிறீர்களா?’ என்ற பொருள்படத்தான் கேட்பார்கள். காசு கொடுத்துத்தான் குடிப்பார்கள், பயப்படாதீர்கள்.

உண்மையில் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டியது நீ, நீங்கள், நீங்களெல்லாம் என்ற இடத்தில். ஏனென்றால் அங்கே வினைமுற்றே மாறும். ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்து வோசோத்ரோஸ் என்பார்கள். அமெரிக்கக் கண்டத்தில் அது வழக்கில் இல்லை, எல்லோருக்கும் உஸ்தேதெஸ்தான். ஒருமையில் ‘நீ’ என்பதற்கு மெக்சிகோவில் தூ. அர்ஜென்டினா, உருகுவேயிலும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் வோஸ். ‘நீ இருக்கிறாய்’ என்பது ஓரிடத்தில் தூ எரெஸ், இன்னோரிடத்தில் வோஸ் சோஸ். ஒரு காலத்தில் வோஸ் மரியாதைச் சொல்லாக இருந்தது. மவுசு குறைந்ததும் ஸ்பெயின் அதைக் கைவிட்டது. ஸ்பெயின் அரசரின் பிரதிநிதிகள் இருந்த மெக்சிகோ நகரமும் பெருவின் லிமாவும் அதே வழியில் போயின. தலைநகரத்து நாகரிகம் எட்டாத தொலைவில் இருந்த ஊர்கள் விடவில்லை. பொகோத்தாவில் கணவன் மனைவிகூட உஸ்தேத் என்று மரியாதையாகப் பேசிக்கொள்வதுண்டு.

புரியுமா என்ற கேள்விக்குத் திரும்பினால், ‘ரோமா’ என்ற மெக்சிகோப் படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் ஸ்பெயின் ரசிகர்களுக்காக ஸ்பெயின் வழக்கில் துணையெழுத்து போட்டது. காட்சியில் உஸ்தேதெஸ் என்றால் கீழே வோசோத்ரோஸ் என்று ஓடியது. இது தேவையில்லாத வேலை என்று இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் கண்டிக்கவே, 2019 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆகவே தைரியமாக ஆரம்பியுங்கள். சிலிக்கு மாற்றலானால் மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கி, வாக்கியத்துக்கு வாக்கியம் அழுத்தத்துக்காக ‘போ’ சேர்த்து, ‘கச்சாய்?’ (புரிந்ததா?) என்று முடிப்பார்கள். அதற்குத் தனிப் பதிலே எழுத வேண்டும்.